முதலில் கதவு, அப்புறம் ஸ்பீக்கர்: கார் ஆடியோ கேள்வி பதில்

கார் செட் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஆறை இந்த முறை எடுத்துக்கொண்டேன். முதல் பதில் கொஞ்சம் நீளம். பின்னால் வருகிற பதில்கள் அதை வைத்துத்தான் போகின்றன, அதனால் தாண்டிவிடாமல் படித்துவிடுங்கள்.

கேள்வி: சார், என்னுடையது ஐந்து வருடம் ஓடிய ஸ்விஃப்ட். கம்பெனி ஸ்பீக்கர்கள் அப்படியே இருக்கின்றன. 40,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். கடையில் கேட்டால், டிக்கியில் 12 இஞ்ச் சப்வூஃபரும் (பேஸுக்கென்றே உள்ள பெரிய ஸ்பீக்கர்) 1200 வாட் ஆம்பும் (சிக்னலைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் ஆம்ப்ளிஃபயர்) போட்டால் போதும், காரே அதிரும் என்கிறார்கள். எனக்குப் பாட்டு தெளிவாகக் கேட்க வேண்டும், அதிர்வதெல்லாம் அப்புறம். எதில் ஆரம்பிக்கலாம்?
(வாசகர், திருப்பூர்)

பதில்: கதவில் ஆரம்பியுங்கள். ஸ்பீக்கர் வாங்குவதற்கும் முன்னால், கதவு.

வீட்டில் இருக்கிற ஸ்பீக்கருக்கு ஒரு மரப்பெட்டி உண்டு. காரில் அந்தப் பெட்டி உங்கள் முன்கதவுதான். ஒருநாள் டோர் பேடைக் கழற்றிப் பாருங்கள். உள்தகரத்தில் கை நுழைகிற அளவுக்கு இரண்டு மூன்று ஓட்டைகள், அவற்றை மூடியபடி ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள், உள்ளே கண்ணாடி ஏற்றி இறக்கும் மோட்டார், லாக் கம்பி. வெளித்தகரத்தை விரல் கணுவால் தட்டுங்கள், பிஸ்கட் டின்னைத் தட்டியது போல 'டங்' என்று நீளும். இதற்குள் எவ்வளவு விலையுள்ள ஸ்பீக்கரை மாட்டினாலும் இந்த டின் சத்தமும் சேர்ந்துதான் பாடும். அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது. ஸ்பீக்கரின் கோன் முன்பக்கம் காற்றைத் தள்ளும் அதே நொடியில் பின்பக்கம் காற்றை இழுக்கிறது. பின்பக்கச் சத்தம் அந்த ஓட்டைகள் வழியாக வெளியே வந்து முன்பக்கச் சத்தத்தோடு கலந்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், அதிலும் முதலில் சாவது பேஸ், அதாவது தாழ்ந்த சுருதி ஒலிகள்தான். "கம்பெனி ஸ்பீக்கரில் பேஸே இல்லை, சப்வூஃபர் போடுங்கள்" என்று சொல்லப்படும் பல கார்களில் பேஸ் கதவுக்குள்ளேயே செத்துக்கொண்டிருக்கிறது.

இதற்கு டேம்பிங் ஷீட் ஒட்ட வேண்டும். ஒருபக்கம் பியூட்டைல் ரப்பர், மறுபக்கம் அலுமினியத் தாள். வெளித்தகரம் முழுவதையும் மூட வேண்டியதில்லை, நடுப்பகுதியில் கால்வாசி முதல் பாதி வரை ஒட்டினாலே அதிர்வு அடங்கிவிடும். உள்தகரத்து ஓட்டைகளைத்தான் ஒன்று விடாமல் மூட வேண்டும். தகரத்தில் தூசியும் எண்ணெய்ப் பசையும் போகத் துடைத்த பிறகே ஒட்ட வேண்டும், சின்ன ரோலரால் காற்றுக் குமிழ் இல்லாமல் அழுத்த வேண்டும். கதவின் அடியில் மழைநீர் வடிகிற துளைகள் இருக்கும், அவற்றைத் தப்பித் தவறியும் மூடிவிடாதீர்கள், கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். மலிவாகக் கிடைக்கிறதே என்று தார் ஷீட் வாங்க வேண்டாம். சித்திரை வெயிலில் நிற்கிற காரில் அது இளகிக் கீழே சரியும், நாற்றமும் போகாது. ஒட்டி முடித்ததும் அதே இடத்தில் தட்டிப் பாருங்கள். 'டங்' போய், வாழைத்தண்டைத் தட்டியது போல 'தொப்' என்று அடங்கினால் வேலை சரியாக நடந்திருக்கிறது.

அப்புறம் அந்த 1200 வாட். பெட்டியில் எழுதியிருக்கும் பெரிய எண்ணை மறந்துவிட்டு ஆம்பின் ஓரத்தில் சொருகியிருக்கும் ஃப்யூஸைப் பாருங்கள். ஒரே ஒரு 30 ஆம்பியர் ஃப்யூஸ் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்ஜின் ஓடும்போது கிடைக்கும் 14.4 வோல்ட்டால் பெருக்கினால் 432 வாட். ஆம்புக்குள் தொடர்ந்து போகக்கூடிய மின்சாரமே ஏறக்குறைய அவ்வளவுதான். கிளாஸ் ஏபி வகை ஆம்ப் என்றால் அதில் பாதி சத்தமாகும், மீதி சூடாகப் போய்விடும். கிளாஸ் டி என்றால் 80 சதவீதம் வரை தேறும். ஆக 220இலிருந்து 345 வாட்டுக்குள்தான் எங்கேயோ நிற்கும், 1200க்கு வழியே இல்லை. நீங்கள் கேட்க வேண்டிய எண் ஆர்எம்எஸ் வாட் (தொடர்ந்து தரக்கூடிய வாட்), அதுவும் 4 ஓமில் (ஸ்பீக்கரின் மின்தடை) ஒரு சேனலுக்கு, அதாவது ஒரு ஸ்பீக்கருக்குப் போகும் வழிக்கு எவ்வளவு என்று. இப்போது உங்கள் காரின் டேஷ்போர்டில் இருக்கும் செட்டின் மேல் 50 × 4 என்று போட்டிருந்தாலும் உண்மையில் ஒரு சேனலுக்கு 15, 20 வாட்தான் வரும். அதனால் ஒரு சேனலுக்கு 75 வாட் ஆர்எம்எஸ் தருகிற ஒழுங்கான ஆம்பே உங்களுக்குப் பெரிய மாற்றமாகத் தெரியும்.

உங்கள் 40,000 என் கையில் இருந்தால் இப்படிப் பிரிப்பேன்: முன்கதவு இரண்டுக்கும் டேம்பிங் 6,000, முன்பக்கம் 6.5 இஞ்ச் கம்போனன்ட் ஸ்பீக்கர் (கூர்மையான மேல் ஒலிகளுக்கான சின்ன ட்வீட்டர் தனியாக வருவது) ஒரு ஜோடி 12,000, நாலு சேனல் ஆம்ப் 15,000, வயரிங் 4,000, கூலி 3,000. பின்கதவு ஸ்பீக்கரைத் தொட வேண்டாம், பின்னால் உட்காருகிறவர்களுக்கு அது போதும். இரண்டு சேனல் மட்டும் தேவைப்படும்போது நாலு சேனல் ஆம்ப் எதற்கு என்று கேட்பீர்கள். மீதி இரண்டு சேனலையும் பிரிட்ஜ் செய்து, அதாவது ஒன்றாகச் சேர்த்து, அடுத்த வருடம் ஒரு 4 ஓம் சப்வூஃபரை ஓட்டலாம், அதற்காகத்தான். அதே காரணத்துக்காக பவர் வயரை இப்போதே 4 கேஜில் (வயரின் தடிமன் அளவு) இழுத்துவிடுங்கள். கார்பெட்டை இரண்டு முறை கழற்றுகிற கூலி, வயரில் மிச்சம் பிடிக்கிற காசைவிட அதிகம். ஆம்ப் வாங்கும் முன் செட்டின் பின்னால் ஆர்சிஏ அவுட் (ஆம்புக்குச் சிக்னல் கொடுக்கும் கேபிளைச் சொருகும் துளை) இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஸ்பீக்கர் வயரிலிருந்தே சிக்னல் எடுத்துக்கொள்ளும் ஹை லெவல் இன்புட் உள்ள ஆம்ப் வாங்க வேண்டும். இதைப் பார்க்காமல் வாங்கிவிட்டுப் பிறகு புதுச் செட்டுக்கும் செலவழித்தவர்கள் நிறைய.

கடையில் டெமோ கேட்கும்போது அவர்கள் போடுகிற பாட்டைக் கேட்காதீர்கள். நீங்கள் நூறு முறை கேட்ட, மிருதங்கம் நன்றாகப் பதிவான ஒரு பாட்டைக் கொண்டுபோங்கள். தொப்பியில் (இடப்பக்கத் தோல்) விழும் அடியும் அதன் கும்கியும் (சுருதி வளைந்து நீளும் ஒலி) வலந்தலையின் (வலப்பக்கத் தோல்) 'நம்' என்ற கூர்மையும் தனித்தனியாகக் கேட்கின்றனவா, பாடுகிறவர் மூச்சு இழுப்பது தெரிகிறதா என்று கவனியுங்கள். தொப்பியின் எல்லா அடியும் ஒரே 'தும்' ஆகக் கேட்டால், அது எவ்வளவு அதிர்ந்தாலும் எனக்கு வேண்டாம் என்று எழுந்து வந்துவிடலாம்.

கேள்வி: ஆம்ப் மாட்டிய நாளிலிருந்து காதருகே கொசு பறப்பது போல ஒரு சத்தம். ஆக்சிலரேட்டரை மிதித்தால் சுருதி ஏறுகிறது, விட்டால் இறங்குகிறது. மாட்டியவர் "ஸ்பீக்கர் அப்படித்தான்" என்கிறார்.
(வாசகர், மதுரை)

பதில்: ஸ்பீக்கர் அப்படி இல்லை. அது ஆல்டர்னேட்டரின் (இன்ஜின் ஓடும்போது பேட்டரியை நிரப்பும் கருவி) ஓசை. பத்துக்கு எட்டுத் தடவை எர்த் சரியில்லாததால் வருவது.

என் பழைய காரிலும் இதே தொல்லை நாலு மாதம் இருந்தது. மாட்டிய பட்டறையில் முதலில் ஆம்பைக் குறை சொன்னார்கள், அப்புறம் ஆர்சிஏ கேபிளை மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன், போகவில்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே பின்சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். எர்த் வயரை சீட் போல்ட்டுக்கு அடியில் சொருகி முறுக்கியிருந்தார்கள். போல்ட்டுக்கு அடியில் பெயின்ட் பளபளவென்று அப்படியே இருந்தது. மணல் தாளால் அரை ரூபாய் அளவுக்குப் பெயின்ட்டைத் தேய்த்து வெள்ளைத் தகரம் தெரிய வைத்து, ரிங் டெர்மினல் போட்டு முறுக்கி, துருப்பிடிக்காமலிருக்க மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினேன். இன்ஜினை ஓடவிட்டதும் வந்த அந்த அமைதி இன்னும் நினைவிருக்கிறது.

நீங்களும் அங்கேயே தொடங்குங்கள். எர்த் வயர் இரண்டு முழத்துக்கு மேல் நீளக் கூடாது, பவர் வயர் எவ்வளவு தடிமனோ அதே தடிமனில் இருக்க வேண்டும், பாடியோடு வெல்டான தகரத்தில் போய் முடிய வேண்டும். அதன் பிறகும் சத்தம் இருந்தால், வால்யூமைக் குறைத்து செட்டை அணைத்துவிட்டு ஆம்ப் பக்கத்தில் ஆர்சிஏவை உருவிவிட்டு மறுபடி ஓடவிடுங்கள். சத்தம் நின்றால் கோளாறு ஆம்புக்கு முன்னால், அதாவது செட்டிலோ கேபிளிலோ. நிற்காவிட்டால் ஆம்பிலோ அதன் எர்த்திலோ. பவர் வயரும் ஆர்சிஏவும் ஒரே பக்கத்துக் கார்பெட்டுக்கு அடியில் கட்டிப் பிடித்துக்கொண்டு போகின்றனவா என்றும் பாருங்கள். ஒன்று இடப்பக்கம், மற்றது வலப்பக்கம் போக வேண்டும்.

கேள்வி: தம்பி, எனக்கு 63 வயது. மகன் வாங்கித் தந்த காரில் கோயில் குளம் என்று போய்வருகிறோம். பாட்டு போட்டால் 'தும் தும்' என்பது கேட்கிறது, வார்த்தை விளங்கவில்லை. புதிதாக எதுவும் வாங்க மனமில்லை. ஏதாவது வழி உண்டா?
(வாசகி, நாகர்கோவில்)

பதில்: உண்டு அம்மா, ஒரு பைசா செலவில்லாமலே முயன்று பார்க்க நிறைய இருக்கிறது. மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செட்டின் சவுண்ட் செட்டிங்கைத் திறக்கச் சொல்லுங்கள். யாரோ 'ராக்' என்றோ 'பேஸ் பூஸ்ட்' என்றோ தேர்ந்தெடுத்து வைத்திருக்க வாய்ப்பு அதிகம். எல்லாவற்றையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, லவுட்னஸ் இருந்தால் அணைத்து, பேஸை மட்டும் இன்னும் இரண்டு படி குறையுங்கள். ஃபேடரை (சத்தத்தை முன், பின் ஸ்பீக்கர்களுக்குப் பிரிப்பது) முன்பக்கம் கொஞ்சம் நகர்த்துங்கள். புளூடூத்தில் கேட்பதாக இருந்தால் போனின் வால்யூமை ஏறக்குறைய முழுதாக வைத்துவிட்டு, கூட்டுவது குறைப்பதை செட்டில் மட்டும் செய்யுங்கள். போனிலும் தனியாக ஒரு ஈக்வலைசர் ஒளிந்திருக்கும், அதையும் அணைத்துவிடச் சொல்லுங்கள்.

இன்னொரு சோதனை. பேலன்ஸை முழுக்க இடப்பக்கம் தள்ளிக் கேளுங்கள், அப்புறம் வலப்பக்கம். ஒரு பக்கம் மட்டும் பாடும்போது நிறைவாக இருந்து, நடுவில் வைத்ததும் குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் கரைந்தால், ஏதோ ஒரு ஸ்பீக்கரில் பிளஸ் மைனஸ் மாறிக் கிடக்கிறது. சர்வீஸில் கதவைக் கழற்றி மாட்டும்போது நடக்கிற தவறுதான், கால் மணி நேரத்தில் சரிசெய்யலாம்.

ஏசி ஃபேன் நாலில் ஓடும்போது எந்தப் பாட்டிலும் வார்த்தை மங்கும், அதையும் குறைத்துப் பாருங்கள். இத்தனையும் செய்த பிறகும் ச, த, ப போன்ற எழுத்துகள் பிடிபடவில்லை, வீட்டில் பேரப்பிள்ளைகள் பேசுவதும் அப்படித்தான் என்றால், ஒருமுறை காது மருத்துவரைப் பார்த்துவிடுங்கள் அம்மா. வயதில் முதலில் குறைவது இந்தக் கூர்மையான ஒலிகள்தான், பரிசோதனை எளிது.

கேள்வி: ஆம்பில் கெயின் என்று ஒரு திருகு இருக்கிறதே, அதை முழுசாக வைத்தால்தான் முழு வாட்டும் வருமாமே? வைத்தேன், மூன்றே வாரத்தில் ட்வீட்டர் இரண்டும் போய்விட்டன.
(வாசகர், சென்னை)

பதில்: கெயின் வால்யூம் திருகு இல்லை. செட்டிலிருந்து வரும் சிக்னலின் உயரத்துக்கு ஆம்பைப் பொருத்துவதற்கான திருகு. அளவுக்கு மேல் திருப்பினால் அலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகும். அந்த வெட்டிலிருந்து பிறக்கும் கூடுதல் உயர் அதிர்வெண்களெல்லாம் நேராக ட்வீட்டருக்குப் போகும், அதன் மெல்லிய காயில் சூடேறிக் கருகிவிடும். உங்களுக்கு நடந்தது அதுதான்.

ரிச்சி தெருவில் ஒரு சாதாரண மல்டிமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்பீக்கர் வயரை ஆம்பிலிருந்து கழற்றிவிட்டு, ஈக்வலைசரைப் பூஜ்யத்தில் வைத்து, செட்டின் வால்யூமை முக்கால் அளவுக்கு ஏற்றி, 1000 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை ஓடவிடுங்கள். மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஆம்பின் ஸ்பீக்கர் முனையில் அளக்க வேண்டும். எவ்வளவு வர வேண்டும் என்பதற்கு வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். 75 வாட், 4 ஓம் என்றால் 300, அதன் வர்க்கமூலம் 17.3. கெயினைப் பூஜ்யத்திலிருந்து மெல்லத் திருப்பி 17.3 வோல்ட் வந்ததும் நிறுத்துங்கள். சப்வூஃபர் சேனலுக்கு 50 ஹெர்ட்ஸ் டோன் வைத்து இதையே செய்யலாம். கதவு ஸ்பீக்கருக்கு ஹை பாஸை (அந்த அளவுக்கு மேலுள்ள ஒலியை மட்டும் விடுவது) 80 ஹெர்ட்ஸில் வைத்துவிடுங்கள், சப்வூஃபருக்கு லோ பாஸும் (கீழுள்ளதை மட்டும் விடுவது) அங்கேயே. இந்த முக்கால் வால்யூமுக்கு மேல் இனி போகக் கூடாது, வீட்டில் மற்றவர்களுக்கும் சொல்லிவையுங்கள்.

கேள்வி: டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறேன் அண்ணா. வண்டியை நிறுத்திவிட்டுப் பாட்டு போட்டால் மூன்று மணி நேரத்தில் பேட்டரி இறங்கி, தள்ளித்தான் ஸ்டார்ட் செய்கிறோம். ஒரு ஃபாரட் கெப்பாசிட்டர் போட்டால் சரியாகும் என்கிறார்கள். போடலாமா?
(வாசகர், ஈரோடு)

பதில்: போட வேண்டாம் தம்பி. 14.4 வோல்ட்டில் ஒரு ஃபாரட் கெப்பாசிட்டருக்குள் இருக்கிற ஆற்றல் ஏறக்குறைய 104 ஜூல். 1000 வாட் இழுக்கிற ஆம்புக்கு அது ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குத்தான் தாங்கும். மூன்று மணி நேரக் கச்சேரிக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஆம்ப் சராசரியாக 15 ஆம்பியர் இழுத்தாலே மூன்று மணி நேரத்தில் 45 ஆம்பியர் அவர் காலி, ஸ்டார்ட்டருக்கென்று செய்த பேட்டரி அப்படித் திரும்பத் திரும்பக் காலியானால் ஆயுள் பாதியாகிவிடும். நிறுத்தி வைத்துப் போடுவது உங்கள் தொழிலில் தவிர்க்க முடியாதது என்றால், ஆடியோவுக்குத் தனியாக ஒரு டீப் சைக்கிள் பேட்டரி (திரும்பத் திரும்பக் காலியாவதைத் தாங்குவது), நடுவில் இரண்டு பேட்டரியையும் பிரித்து வைக்கும் ஐசொலேட்டர் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டு அதைக் காலி செய்தாலும் ஸ்டார்ட்டர் பேட்டரி தப்பிக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு இதுதான் பெரிய கவலை. பானெட்டைத் திறந்து பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஆம்புக்குப் போகும் வயரைக் கையால் தடவிக்கொண்டே போங்கள். 45 சென்டிமீட்டருக்குள் ஒரு ஃப்யூஸ் ஹோல்டர் கையில் தட்டுப்பட வேண்டும். ஆம்பில் இருக்கிற ஃப்யூஸ் ஆம்பைத்தான் காக்கும்; வயரைக் காக்க பேட்டரி பக்கத்தில் ஒன்று இருந்தே ஆக வேண்டும். அது இல்லாமல், வயர் உள்ளே நுழையும் தகர ஓட்டையில் ரப்பர் வளையமும் இல்லாமல் இருந்தால், ஓட்ட அதிர்வில் உறை தேய்ந்து செம்பு தகரத்தைத் தொடுகிற நொடியில் பேட்டரியின் முழு மின்சாரமும் அந்த வயரில் பாயும். வேனுக்குள் இருபது பேரை வைத்துக்கொண்டு அந்த ஆபத்தை ஒருநாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். வயர் நுனியை பிளேடால் சுரண்டியும் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு. முழுச் செம்பில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவாகத்தான் மின்சாரத்தைக் கடத்தும், அதனால் ஒரு அளவு தடிமன் கூட வேண்டும்.

பகல் முழுக்க அந்த ஸ்பீக்கர்களுக்குப் பக்கத்தில் உட்காருவது நீங்கள்தான். 85 டெசிபெல் என்றால் எட்டு மணி நேரம் தாங்கலாம், 100 டெசிபெலில் கால் மணி நேரத்துக்கு மேல் காதுக்குக் கேடு. ராத்திரி 10 மணிக்கு மேல் குடியிருப்புப் பகுதியில் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி 45 டெசிபெல்தான் அனுமதி, வண்டிக்குள் ஆடுகிறவர்களிடம் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: நல்ல கம்போனன்ட் ஸ்பீக்கர் போட்டும் பாடகர் வலது கதவில் உட்கார்ந்து பாடுவது போலவே இருக்கிறது. அடுத்து எலக்ட்ரிக் கார் வாங்குகிறேன், அதில் செட் மாற்றலாமா?
(வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: நம் ஊரில் ஓட்டுகிறவருக்கு வலது ஸ்பீக்கர் பக்கம், இடது தூரம். வித்தியாசம் சுமார் 40 சென்டிமீட்டர் என்றால், ஒலி நொடிக்கு 343 மீட்டர் போவதால் வலது பக்கம் 1.2 மில்லி நொடி முந்தி வந்துவிடும். அந்தச் சின்ன முந்தலே போதும், காது குரலை அந்தப் பக்கம் இழுத்துவிடும். டிஎஸ்பி (ஒலியை டிஜிட்டலாகத் திருத்தும் சிப்) உள்ள ஆம்பிலோ செட்டிலோ டைம் அலைன்மென்ட் என்று இருக்கும், பக்கத்து ஸ்பீக்கரைக் கொஞ்சம் தாமதிக்க வைப்பது. இஞ்ச் டேப்பால் உங்கள் தலைக்கும் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் உள்ள தூரத்தை அளந்து அதில் கொடுங்கள். கண்ணை மூடிக் கேட்டால் குரல் மெல்ல நகர்ந்து ஸ்டியரிங்குக்கு மேலே வந்து நிற்கும். பக்கத்து சீட்டுக்காரருக்கு அது பொருந்தாது, அந்த விட்டுக்கொடுத்தல் உண்டு.

எலக்ட்ரிக் காரிலும் ஆடியோ ஓடுவது 12 வோல்ட் பேட்டரியில்தான், அதனால் மாற்றலாம். அந்தப் பேட்டரியை நிரப்புவது ஆல்டர்னேட்டர் இல்லை, ஒரு கன்வெர்ட்டர். அதன் அளவைத் தெரிந்துகொண்டு ஆம்பைத் தேர்ந்தெடுங்கள். வயரை வெட்டாமல் கப்ளரில் சொருகுகிற அடாப்டர் மட்டும் பயன்படுத்தினால் வாரன்டியில் வாக்குவாதம் வராது, மாட்டியதை பில்லோடு இன்ஷூரன்ஸிலும் சேர்த்துவிடுங்கள். வேலை செய்கிறவரிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: தரைக்கடியிலோ பானெட்டுக்குள்ளோ ஆரஞ்சு நிறக் கேபிள் கண்ணில் பட்டால் அது உயர் அழுத்தம், அந்தப் பக்கம் கிளிப் மாட்டக்கூடக் கையைக் கொண்டுபோகக் கூடாது.